முதல் வெத்தலை வழக்கு

ஐயாக்கண்ணுவோட கல்யாணம் நின்னு போனதுக்கு ஜாதகம் காரணமில்லை, சீர்வரிசையும் காரணமில்லை. மூடுபனிதான் காரணம்.

தன் ஊரு தலைச்சோலையில ஒரு ஜீப்பை வாடகைக்குப் பிடிச்சு, அம்மாவையும் ஒறம்பரைச் சனத்தையும் அதுக்குள்ள திணிச்சு, கரடியூருக்கு நிச்சயம் பண்ணப் போனான் மனுசன். நல்ல மார்கழி. பொண்ணு ஊட்டு வாசல்ல பாய் விரிச்சு எல்லாரும் உக்காந்தாங்க. உக்காந்த நேரம் பார்த்துப் பனி இறங்குச்சு பாருங்க, பக்கத்துல இருக்கறவன் மூக்கு எங்கேன்னு தடவித்தான் கண்டுபிடிக்கணும். போதாக்குறைக்கு ஆளாளுக்குக் கறுப்புக் கம்பளியைத் தலையோட போர்த்திக்கிட்டாங்க. இதுல மாமன் யாரு, மச்சான் யாருன்னு எவன் கண்டான்?

நிச்சயத்துல முதல் வெத்தலை பொண்ணோட தாய்மாமனுக்குப் போகணும். மாப்பிள்ளை கையால தட்டை நீட்டணும், மாமன் எடுத்து வாயில போடணும், அப்புறம்தான் மத்தவங்க கை வைக்கலாம். ஐயாக்கண்ணு தட்டைத் தூக்கிக்கிட்டுப் பனிக்குள்ள நடந்து போயி, "எடுத்துக்குங்க மாமா"ன்னு பயபக்தியா ஒரு கம்பளிக்கு முன்னால குனிஞ்சான். கம்பளிக்குள்ளேருந்து ஒரு கை வந்துச்சு. வெத்தலை போச்சு, பாக்கும் போச்சு. "நல்லா இருப்பீங்க தம்பி"ன்னு ஒரு வாழ்த்தும் வந்துச்சு. பனி விலகினப்பதான் தெரிஞ்சுது, அது ஜீப் டிரைவர் ஏசுராஜ்.

அசல் தாய்மாமன் பெரியண்ணன் ரெண்டு பாய் தள்ளி உக்காந்திருந்தாரு. வெத்தலைன்னா உசுரை விடற ஆளு. காலையிலேருந்து வாயைக் காலியா வெச்சுக்கிட்டுக் காத்திருந்தவரு, டிரைவர் மென்னுக்கிட்டிருக்கறதைப் பார்த்தாரு. துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "என் ஊட்டுப் பொண்ணுக்கு நானா மாமன், அந்த ஜீப்பா மாமன்?"னு கேட்டுட்டு எந்திரிச்சுட்டாரு.

கரடியூர் ஊர்க்கூட்டம் அன்னைக்குப் பொழுதோடயே கூடுச்சு. ஊர்க்காரங்க விவரமானவங்க. பொண்ணு கண்ணம்மாளைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா கண்ணு?"ன்னு கேட்டாங்க. "சம்மதமுங்க. பனி மேலதானுங்க தப்பு"ன்னு அவ சொன்னா. "இன்னொரு தட்டு வெச்சு மாமனைக் கும்பிட்டுக் குடுப்பா, தையில கல்யாணம்"னு முடிச்சுட்டாங்க. பெரியண்ணனும் பாதி இறங்கி வந்துட்டாரு. கூட்டம் கலையப் போற நேரத்துல எவனோ ஒரு புண்ணியவான், "மனசு ஆறலைன்னா மேல போலாமுங்களே"ன்னு வாயைத் திறந்தான். மேலன்னு ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சா போகாம இருக்கற மனுசன் உண்டா? பெரியண்ணன் மேல போனாரு.

அந்த 'மேல'ங்கறது மாதையன்.

மாதையன் யாருன்னு சொல்லிடறேன். ஒரு எஸ்டேட்டுல காப்பி மூட்டை திருட்டுப் போன கேசுல சாட்சி சொல்றதுக்காக அவரைக் கீழ்நாட்டுக் கோர்ட்டு ஒண்ணுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. போனாரு, வந்தாரு, போனாரு, வந்தாரு. திருடன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலை. ஆனா மாதையனுக்கு ஒண்ணு தெரிஞ்சு போச்சு: யாரு உள்ள வந்தாலும் எந்திரிக்காம உக்காந்திருக்கற ஒரே மனுசன் ஜட்ஜுதான். மார்ல பட்டையைக் கட்டிக்கிட்டுப் பேரைக் கூவற அந்த டவாலி என்ன, அந்தக் கறுப்பு அங்கி என்ன, இருமினாக்கூட எல்லாரும் எழுதிக்கறது என்ன! மலையேறி வந்த மனுசனுக்குக் காப்பித் தோட்டத்துல கால் நிக்கலை.

ஊர் ஊராப் போனாரு. "ஊர்க்கூட்டம் தப்பாச் சொல்லிட்டா நம்ம மலையில மேல கேக்க ஆளு இருக்குதுங்களா? இல்லைன்னா நாம என்ன காட்டுமிராண்டிங்களா?"ன்னு கேட்டாரு. எல்லாருக்கும் ரோசம் வந்துருச்சு. எமர்ஜென்சி முடிஞ்ச மறுவருசம் மலை மேல்முறையீட்டுப் பஞ்சாயத்துன்னு ஒண்ணு உண்டாச்சு. அதுக்கு ஒரு ஜட்ஜு, மூணு வருசத்துக்கு ஒரு தேர்தல். ஓட்டுன்னா ஊட்டுக்கு ஒரு பழுத்த காப்பிப் பழம், அதைப் போட வேட்பாளருக்கு ஒரு பானை. முதல் தேர்தல்ல மாதையன் போட்டியில்லாம ஜெயிச்சாரு. எதுக்கு ஆளெடுக்கறாங்கன்னே யாருக்கும் புரியாததால யாரும் எதுத்து நிக்கலை.

கோர்ட்டு, மாதையன் ஊட்டுக் காப்பிக்களத்துல. நாற்காலி, துரை விட்டுட்டுப் போன நீளக்கை சாய்வு நாற்காலி. அதோட கை மேல காலைத் தூக்கிப் போட்டு உக்காந்தா படுத்த மாதிரிதான். கட்சிக்காரங்களுக்கு ஜட்ஜோட ரெண்டு உள்ளங்காலு தெரியும், நீதி அதுக்கு அந்தப் பக்கம். அங்கிக்குப் பதிலாக் கறுப்புக் கம்பளி. மச்சினன் சின்னசாமி, பொண்டாட்டி சேலைக் கரையைக் கிழிச்சு மார்ல குறுக்கே கட்டிக்கிட்டு டவாலி ஆயிட்டான். எதுத்தாப்புல உக்காந்திருக்கற ஆளையே பள்ளத்தாக்கைப் பார்த்து மூணு தரம் கூவித்தான் கூப்பிடுவான். பேரு எதிரொலிச்சுத் திரும்பி வந்தப்புறம்தான் அந்தாளு எந்திரிக்கலாம்.

முதல் விசாரணைக்கு ஐயாக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போனான். ஒரு மணி நேரத்துல முடிஞ்சுரும், அப்படியே கரடியூர் போயிக் கண்ணம்மாளைப் பார்த்துட்டு வரலாம்னு நினைச்சுக்கிட்டான், பாவம்.

"பெரியண்ணா, முதல் வெத்தலை உன் கைக்கு வந்துச்சா, வரலையா?"ன்னு உள்ளங்காலு கேட்டுச்சு.

"வரலீங்க யுவர் ஆனருங்க."

"வரலைங்கறதுக்குச் சாட்சி?"

"வராததுக்கு எப்படீங்க சாட்சி?"

"அப்படிக் கேளு!"ன்னு மாதையன் சந்தோசமாயிட்டாரு. "இதுதான் சட்டம். கீழ்க் கூட்டத்துல எவனுக்காச்சும் இது தோணுச்சா? அந்த வெத்தலையை வாங்கினவனைக் கூப்பிடு."

சின்னசாமி பள்ளத்தாக்கைப் பார்த்து ஏசுராஜை மூணு தரம் கூவினான். பக்கத்துலயே ஜீப்பைத் துடைச்சுக்கிட்டிருந்த ஏசுராஜ் வந்து நின்னான்.

"நடந்ததை நடந்தபடி சொல்லு."

"நல்ல வெத்தலைங்க. சுண்ணாம்புதான் கொஞ்சம் தூக்கல்."

"சுண்ணாம்பு தூக்கல்"னு மாதையன் மெதுவாத் திருப்பிச் சொன்னாரு. "இது புது விசயம். கேசு நாம நினைச்ச மாதிரி இல்லை, ஆழமாப் போகுது. அடுத்த மாசம் வாய்தா. அதுவரைக்கும் இடைக்காலத் தடை. ஐயாக்கண்ணு தாலி கட்டக்கூடாது. பெரியண்ணன் யாரு கையாலயும் வெத்தலை வாங்கக்கூடாது. வாங்கிட்டா வழக்கோட தன்மையே மாறிப்போயிரும்."

ஐயாக்கண்ணு திருதிருன்னு முழிச்சான். பெரியண்ணன் அதைவிட முழிச்சாரு. அவரு கேட்டது மரியாதை. கிடைச்சது பத்தியம்.

அடுத்த மாசம் சுண்ணாம்பை விசாரிச்சாங்க. அதுக்கடுத்த மாசம் பனியை ஒரு கட்சியாச் சேர்க்கறதா வேண்டாமான்னு யோசிச்சாங்க. மே மாசம் வந்துச்சு, கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கீழ்நாட்டுக் கோர்ட்டுல வெயிலுக்காக லீவு விடறாங்க, சரி. ஊரெல்லாம் வெயிலுக்குப் பயந்துக்கிட்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறி வர்ற மாசத்துல, ஏற்காட்டு மலையில கம்பளி போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கற கோர்ட்டுக்கு எதுக்குங்க கோடை விடுமுறை? கேட்டதுக்கு மாதையன், "வெயில் முக்கியமில்லை, மரபு முக்கியம்"னாரு.

தை வந்து போச்சு. இன்னொரு தையும் போச்சு. கண்ணம்மாளோட சேர்ந்து விளையாடினவளுங்க இடுப்புல பிள்ளையோட சந்தைக்கு வர ஆரம்பிச்சாங்க. ஐயாக்கண்ணுவுக்கு ராத்திரி சோறு இறங்கலை. ஒருநாள் துணிஞ்சு ஒரு தட்டுல வெத்தலை, பாக்கு, வாழைப்பழம் வெச்சு, பெரியண்ணன் ஊட்டுக்கே நேரா நடந்துட்டான்.

"மாமா, தப்பு என்னுதுதானுங்க. மன்னிச்சு எடுத்துக்குங்க."

பெரியண்ணனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. பாதி பாசம், பாதி வெத்தலை. "மாப்ள, நான் அன்னைக்கே எடுத்திருப்பன். எவனோ மேல போன்னான், கேட்டுட்டன். சட்டுன்னு நீட்டு, யாராச்சும் வந்துரப் போறாங்க"ன்னு கையை நீட்டினாரு. காப்பிச் செடிக்குப் பின்னாலேருந்து சின்னசாமி எந்திரிச்சான், மார்ல சேலைக்கரையோட.

கோர்ட்டு அவமதிப்பு! அடுத்த விசாரணையில ரெண்டு பேரையும் பிடிச்சு நிறுத்தி மாதையன் பொரிஞ்சு தள்ளிட்டாரு. "கோர்ட்டு ஒண்ணு இருக்கையில நீங்களாச் சமாதானம் ஆயிக்கறதா? இப்படி ஆளாளுக்கு ராசியாயிட்டா நீதி எங்கப்பா நிக்கும்?" தட்டு சாட்சிப் பொருளாச்சு. வெத்தலை வாடினா சாட்சி கெட்டுப்போயிருமேங்கற கவலையில ஜட்ஜு அதைத் தானே பரிசீலனைக்கு எடுத்துக்கிட்டாரு. ஒவ்வொண்ணா நரம்பு கிள்ளி, மடிச்சு, கண்ணை மூடி, நிதானமாப் பரிசீலிச்சாரு. பெரியண்ணன் எச்சிலை முழுங்கிக்கிட்டு நின்னாரு. கடைசியில படிக்கத்துல துப்பிட்டு, "ஒரு முடிவுக்கு வர முடியலை. அடுத்த வாய்தாவுக்கு இன்னொரு தட்டு கொண்டாங்க"ன்னாரு ஜட்ஜு.

"கேசே வேண்டாமுங்க, வாபஸ் வாங்கிக்கறனுங்க"ன்னு பெரியண்ணன் கும்பிட்டாரு.

"வாங்கிக்க. வாபஸ் மனு தனிக் கேசு. அதுக்குத் தனி வாய்தா."

இதுக்கு நடுவுல தேர்தல் வந்துச்சு. இந்தத் தடவை மாதையனை எதுத்து ஒருத்தர் நின்னாரு, அற்புதம்னு, எஸ்டேட்டுல கணக்கு எழுதின ஒரு ரிட்டயர்டு ரைட்டரு. "என்னைத் தேர்ந்தெடுத்தா எல்லாக் கேசுக்கும் ஒரே வாரத்துல தீர்ப்பு"ன்னு ஊர் ஊராப் போயிச் சொன்னாரு. மாதையன் நாற்காலியைக் களத்து நடுவுல போடச் சொல்லி, சாஞ்சுக்கிட்டே பேசினாரு.

"அற்புதம் தீர்ப்புச் சொல்றேங்கறாரு. நொம்பச் சந்தோசம். தீர்ப்புன்னா என்ன? ஒருத்தன் ஜெயிப்பான், ஒருத்தன் தோப்பான். அப்ப இங்க நிக்கறவங்கள்ல பாதிப் பேரு அடுத்த வாரம் தோத்துப் போயிருவீங்க. சம்மதமா? என் கோர்ட்டுல இத்தனை நாள்ல ஒரு மனுசன், ஒரே ஒரு மனுசன், தோத்திருக்கானா? தோத்தவன் இருந்தா எந்திரிச்சு நில்லுங்க பார்ப்போம்!"

யாரும் எந்திரிக்கலை. எந்திரிக்க முடியாதே, தீர்ப்புன்னு ஒண்ணு வந்திருந்தாத்தானே! களமே அதிர்ற மாதிரி கைதட்டினாங்க. மாதையன் பானை நிரம்பி வழிஞ்சுது. அற்புதம் பானையில அவரு ஊட்டுப் பழத்தோட சேர்த்து நாலஞ்சு கிடந்துச்சு. மாதையன் பானையில பாதி பச்சைக்காயி, பழமே இல்லைன்னு அற்புதம் சண்டைக்குப் போனாரு. "ஊர்க்கூட்டத்துல சொல்லுங்க, பிடிக்கலைன்னா மேல வாங்க"ன்னாங்க. மேல வந்தாரு. மேல மாதையன்தான் இருந்தாரு. தன் தேர்தல் மேல வந்த புகாரைத் தானே கேட்டு, சிக்கலான விசயம்னு நெத்தியைச் சுருக்கி, வாய்தா போட்டு, தீர்ப்பு வர்ற வரைக்கும் பதவியில நீடிக்கறதாத் தானே தனக்கு உத்தரவும் போட்டுக்கிட்டாரு.

அந்த ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுச் சந்தையில கண்ணம்மாள் ஐயாக்கண்ணுவை ஆரஞ்சுக் கூடைங்களுக்கு நடுவுல மடக்கினா.

"ஏனுங்க, நீங்க பழத்தை எந்தப் பானையில போட்டீங்க?"

ஐயாக்கண்ணு கூடையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "நம்ம கேசு அவரு கையிலல்ல இருக்குது கண்ணம்மா. கோவிச்சுக்கிட்டு நமக்கு எதிராச் சொல்லிட்டாருன்னா?"

"எங்க மாமன் எதுல போட்டாரு?"

"அவரும் அதுக்குப் பயந்துதான் அதே பானையில போட்டாரு."

கண்ணம்மாள் விரலை மடக்கி எண்ணினா. "அப்ப நம்ம கேசு நடக்கற வரைக்கும் அவருக்கு ரெண்டு பழம். முடிஞ்சா தோத்தவரு போடமாட்டாரு, ஒண்ணுதான். இது தெரியாமத்தான் கேசு முடியோணும்னு நான் கோயில் கோயிலா வேண்டிக்கிட்டு இருக்கறனா?"ன்னா. "எனக்கு வயசு போகுதுங்க. ஊட்டுல எல்லாரும் என்னையவே பார்க்கறாங்க. உங்களுக்கு நான் வேணுமா, அந்த உள்ளங்காலு வேணுமா?"

வெக்கமாப் போச்சு ஐயாக்கண்ணுவுக்கு. ஆனாலும் என்ன செய்யறதுன்னு தெரியலை. நல்லவன்தான், தடைன்னு ஒருத்தர் சொல்லிட்டா அதைத் தாண்டறதுக்குக் காலு வராத நல்லவன்.

இன்னும் மூணு வருசம் ஓடுச்சு. மறுபடியும் தேர்தல் வந்தப்ப கண்ணம்மாளோட அப்பன் கையை விரிச்சுட்டாரு. "இந்தத் தைக்குள்ள கல்யாணம் முடிஞ்சாகணும். அதுக்கு மேல பொறுக்க என்னால ஆகாது. அடுத்த வெள்ளிக்கிழமை கீழேருந்து வேற மாப்பிள்ளை பார்க்க வர்றாங்க"ன்னுட்டாரு. ஐயாக்கண்ணு சேதி கேட்டு மாதையன் களத்துக்கு ஓடினான். அன்னைக்குத் தேர்தல் கூட்டம். மலையே அங்க திரண்டு கிடந்துச்சு. ஒரு மூலையில பெரியண்ணன், வருசக்கணக்கா வெத்தலை இல்லாம வாடின மூஞ்சியோட நின்னாரு.

மாதையன் சாஞ்சுக்கிட்டுப் பேசிக்கிட்டிருந்தாரு. "எனக்கு முன்னால இந்த மலையில எத்தனை கேசு மேல்முறையீட்டுல இருந்துச்சு? ஒண்ணுகூட இல்லை! இன்னைக்கு ஊட்டுக்கு ஒண்ணு இருக்குது! இது வளர்ச்சியா இல்லையா? சந்தேகம் இருந்தா கேளுங்க, சட்டத்துல எனக்குத் தெரியாதது இல்லை."

"எனக்கு ஒரு சந்தேகமுங்க யுவர் ஆனருங்க"ன்னு ஒரு குரல். கண்ணம்மாள் எந்திரிச்சு நின்னா, கையில ஒரு துணிப்பை.

பொம்பளை யாரும் அந்தக் களத்துல அதுவரைக்கும் வாயைத் திறந்ததில்லை. மாதையன் தலையைத் தூக்கி, ரெண்டு உள்ளங்காலுக்கு நடுவுல பார்த்தாரு. "கேளு கண்ணு."

"வெத்தலைக் கேசுல தாலி கட்டக்கூடாதுன்னு தடை யாருக்குங்க?"

"ஐயாக்கண்ணுவுக்கு."

"வெத்தலை வாங்கக்கூடாதுன்னு?"

"உங்க மாமனுக்கு."

"எனக்கு என்னுங்க தடை?"

மாதையன் சிரிச்சாரு. "உனக்கு எப்படித் தடை வரும்? நீ அந்தக் கேசுலயே இல்லியே."

"கேசு யாரு கல்யாணத்தைப் பத்தினதுங்க?"

"உன் கல்யாணத்தைப் பத்தினதுதான்."

"அதுல நான் இல்லீங்களா?"

"அதான் சட்டம்!" மாதையனுக்கு உற்சாகம் பொங்கிருச்சு. இத்தனை வருசத்துல யாரும் அவர்கிட்ட இப்படிச் சட்டம் கேட்டதில்லை. "நல்லாக் கேட்டுக்க. பெரியண்ணன் ஒரு கட்சி, ஐயாக்கண்ணு ஒரு கட்சி. நீ கட்சி இல்லை, நீ வழக்குப் பொருள். எல்லைத் தகராறுல பலாமரம் மாதிரி. பலாமரத்துக்கு எவனாச்சும் தடை போடுவானா? போட்டாலும் செல்லாது. பொருளைத் தடுக்க எந்தச் சட்டத்துலயும் இடமில்லை. நல்லா எழுதி வெச்சுக்குங்க எல்லாரும்!"

"நொம்பச் சந்தோசமுங்க"ன்னு கும்பிட்டா கண்ணம்மாள்.

பையைத் திறந்தா. வெத்தலையை எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வெச்சு மடிச்சு, நேராப் பெரியண்ணன்கிட்டப் போனா. அவரு பயந்து போயி ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு. "நீங்க வாங்க வேண்டாமுங்க மாமா. வாயை மட்டும் திறங்க"ன்னா. அவரு திறந்தாரு. வாயில வெத்தலை விழுந்ததும் அந்த மனுசன் கண்ணுலேருந்து பொலபொலன்னு கொட்டுச்சு. மருமவ தலையில கையை வெச்சு ஏதோ வாழ்த்தினாரு, வாய் நிறைய இருந்ததால யாருக்கும் புரியலை.

அப்புறம் கண்ணம்மாள் ஐயாக்கண்ணுகிட்ட வந்தா. பையிலேருந்து மஞ்சக்கயிறை எடுத்தா. "நீங்க கட்டக்கூடாது. கட்டாதீங்க. சும்மா குனிஞ்சு நில்லுங்க, போதும்"னு சொல்லிட்டு, அத்தனை சனத்துக்கு முன்னால அவன் கழுத்துல அவளே மூணு முடிச்சையும் போட்டுட்டா. ஐயாக்கண்ணு குனிஞ்சவன் நிமிரலை. அழறானா சிரிக்கறானான்னு அவனுக்கே தெரியலை. முதல்ல அத்தாயின்னு ஒரு கிழவி குலவை போட்டா. அவ்வளவுதான், பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்துக்கிட்டாங்க.

மாதையன் எந்திரிக்கப் பார்த்தாரு. அந்த நாற்காலியிலேருந்து ஆள் கைகொடுக்காம எந்திரிக்க ஆகாது. கைகொடுக்கற சின்னசாமி, விசிலடிச்சுக்கிட்டுக் கூட்டத்துல ஆடிக்கிட்டிருந்தான். ஜட்ஜு ரெண்டு தரம் முக்கிட்டுத் திரும்பச் சாஞ்சாரு. அனுபவஸ்தரு இல்லீங்களா, மூஞ்சி உடனே தெளிஞ்சுருச்சு.

"அமைதி! அமைதி! பொம்பளை ஆம்பளைக்குக் கட்டற தாலி செல்லுமா, செல்லாதா? இது ரொம்பச் சிக்கலான சட்டக் கேள்வி. இதை இந்தக் கோர்ட்டு புதுக் கேசா எடுத்துக்குது. கட்சிக்காரங்க அறுவடை கழிச்சு வரணும். வாய்தா!"

சனம் கைதட்டுச்சு. தேர்தல்லயும் அவரேதான் ஜெயிச்சாரு, சொல்லணுமா என்ன?

பொழுது சாயற நேரத்துல ரெண்டு பேரும் தலைச்சோலைக்கு நடந்தாங்க. கழுத்துக் கயிறைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே வந்த ஐயாக்கண்ணு பாதி வழியில நின்னுட்டான்.

"கண்ணம்மா, இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு அவரு தீர்ப்புச் சொல்லிட்டா நாம என்ன பண்றது?"

கண்ணம்மாள் பையை மறு தோளுக்கு மாத்திக்கிட்டா.

"செல்லாதுன்னா அதுக்கு அவரு தீர்ப்புச் சொல்லோணுமல்லங்க. அந்த மனுசன் ஆயுசுக்கும் சொல்லுவாரா? பேசாம நடங்க, ஊட்டுல அத்தை தனியா இருக்கறாங்க."